3-ஸ்டெப் இசைக்கு ஒரு பத்திரிகை ஆரம்பிக்கலாம்னு இருக்கோம் (ஜோஹன்னஸ்பர்க்), யோசனை சொல்லுங்க

மிட்ராண்ட்_வாசி:

எல்லாருக்கும் வணக்கம். வேலைக்காக ஜோஹன்னஸ்பர்க் பக்கத்துல மிட்ராண்ட்ல இருக்கேன். இங்க பழக்கமான நாலஞ்சு பேர் சேர்ந்து ஒரு பத்திரிகை ஆரம்பிக்கலாம்னு பேசிட்டு இருக்கோம், அதுல ஒருத்தர் டெம்பிசால வீட்டு பின்கட்டுல உக்காந்து பீட் பண்றவர், ஒருத்தர் போட்டோகிராபர், ஒரு பொண்ணு ப்ரிட்டோரியாவுல படிச்சுகிட்டே எழுதுறா, லேஅவுட்டும் வெப்சைட்டும் என் பொறுப்பு. மூணு மாசத்துக்கு ஒரு இதழ் கொண்டு வரணும்னு ஆசை. பத்திரிகை 3-ஸ்டெப் பத்தி.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஹவுஸ் மியூசிக்ல ஒரு பாருக்கு (ஒரு தாளச் சுத்துக்கு) நாலு கிக், அதாவது பெரிய டிரம் அடி, நாலும் சம இடைவெளில விழும். 3-ஸ்டெப்ல அதுல ஒண்ண எடுத்துடுறாங்க, மூணுதான் விழும், அந்த ஒண்ணு விழவேண்டிய எடத்துல சும்மா விட்டுடுறாங்க, ஆடுறவங்க அந்த எடத்த உடம்பால நிரப்புறாங்க பாருங்க, அத நேர்ல பாக்கணும். ஆஃப்ரோ ஹவுஸோட தாளமும் அமாபியானோவோட நிதானமும் அதுக்குள்ள சேர்ந்து இருக்கும். தக்ஸின்ங்கிற இசைத் தயாரிப்பாளர்தான் இதுக்கு முன்னோடின்னு இங்க பெரும்பாலும் ஒத்துக்குறாங்க, ஹெவி கே மாதிரி ஏற்கனவே பேர் வாங்கினவங்களும் இப்ப இந்தப் பக்கம் வந்தாச்சு.

ஏன் பத்திரிகைன்னு கேப்பீங்க. அமாபியானோவுக்கு நடந்தத பாத்துதான். அது 2010-கள்ல இந்த கௌடெங் மாகாணத்து டவுன்ஷிப்புல (நிறவெறி காலத்துல கறுப்பினத்தவங்களுக்குன்னு ஒதுக்கின குடியிருப்பு) பொறந்த இசை, ஆனா ப்ரிட்டோரியால பொறந்துச்சா இல்ல ஜோபர்க் கிழக்கு பக்கம் கட்லஹாங், வோஸ்லூரஸ் பக்கமான்னு இன்னைக்கும் அடிச்சுக்குறாங்க. ஆரம்பத்துல பாட்டெல்லாம் வாட்ஸாப்லயும் இலவச டவுன்லோட் லிங்க்லயும் மினிபஸ் டாக்ஸிலயும்தான் போச்சு. அந்த இசையோட அடையாளமே லாக் டிரம், எஃப்எல் ஸ்டூடியோ சாஃப்ட்வேர்ல டிஎக்ஸ்10-னு ஒரு சிந்தசைசர்ல இருக்குற சத்தம், அத அப்படி கொண்டு வந்தவர் எம்டியூ ஏகேஏ டிஆர்பின்னு பலரும் சொல்றாங்க, ஆனா எந்தப் பாட்டுல, எந்த வருஷம், கூட யார் இருந்தான்னு தேடப் போனா எங்க கையில கிடைக்கிறதெல்லாம் பின்னாடி எடுத்த பேட்டிங்கதான். 2019-ல கப்சா டி ஸ்மாலும் டிஜே மபோரிசாவும் ஸ்கார்ப்பியன் கிங்ஸ்னு ஆல்பம் போட்டு, அப்புறம் உலகமே திரும்பிப் பாத்தப்ப, முதல்ல செஞ்சவங்கள்ல நிறைய பேரோட பேர் வெறும் பேச்சுலதான் இருந்துச்சு.

இப்ப அதே கதை மறுபடி நடக்குது. டெம்பிசா நண்பர் தன் போன காமிச்சார், ஒரே டிராக் மூணு குரூப்புல இருந்து மூணு பேர்ல வந்திருக்கு, ஒண்ணுல "நியூ 3ஸ்டெப் வாக்ஸ் ஃபைனல்"னு மட்டும் இருக்கு, மூணுலயும் பாடின பொண்ணு பேர் இல்ல. அந்தப் பொண்ணு ரெண்டு தெரு தள்ளிதான் இருக்கா. ஒரு ஞாயித்துக்கிழமை ஷிசா நயாமா (சுட்ட கறி) கடையில கறி வாங்க நின்னப்ப ஸ்பீக்கர்ல தன் குரலே கேட்டிருக்கா. பக்கத்துல நின்னவங்க கிட்ட இது நான்தான்னு சொல்லியும் யாரும் நம்பலயாம்.

இத இப்பவே எழுதி வைக்கலேன்னா யாரு வைப்பா? அதனால கேக்குறேன், அச்சு போடுறதா பிடிஎஃப் மட்டும் போதுமா, பத்திரிகை பேர்லயே 3-ஸ்டெப்னு போடலாமா, காசுக்கு லேபிள்காரங்ககிட்ட (பாட்டு வெளியிடுற கம்பெனிங்க) விளம்பரம் வாங்கினா விமர்சனம் எழுத முடியுமா, மொழி என்ன வைக்கிறது. இங்க 2023-ல சைகை மொழியையும் சேர்த்து ஆட்சி மொழி மட்டும் 12. ஸ்டூடியோவுல பேசுறது ஸெபிடோரின்னு ப்ரிட்டோரியா கலப்பு மொழி.

குரோய்டன்_பெடியன்:

வணக்கம் தம்பி. நான் லண்டனில குரோய்டனில இருக்கிறன், உங்கட பதிவ வாசிக்க வாசிக்க இஞ்ச நடந்ததுதான் ஞாபகம் வந்தது. டப்ஸ்டெப் எண்டு பிறகு பேர் வாங்கின இசை வளர்ந்தது இந்த ஊரிலதான். சரே ஸ்ட்ரீட் சந்தையில பிக் அப்பிள் எண்டு ஒரு ரெக்கோட் கடை, ஹாட்சா அங்க கவுண்டரில நிண்டவர், ஸ்க்ரீம், பெங்கா எல்லாரும் பள்ளிக்கூடம் போற வயசில அந்தக் கடையச் சுத்தித் திரிஞ்ச பெடியள். 2001-ல ஃபோர்வேர்ட் எண்டு ஒரு கிளப் இரவு துவங்கினது, பிறகு ரின்ஸ் எஃப்எம் எண்ட களவு ரேடியோ, 2005-ல பிரிக்ஸ்டனில டிஎம்ஸெட் எண்டு இன்னொரு கிளப் இரவு. 2006 ஜனவரியில பிபிசி ரேடியோ 1-ல மேரி ஆன் ஹொப்ஸ் அந்த ஆக்கள் எல்லாரையும் கூப்பிட்டு ஒரே நிகழ்ச்சியில வாசிக்க விட்ட பிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரிஞ்சது. அதுக்கு முதல் அஞ்சாறு வருசம் இத எழுதினது ஆர் எண்டு பாத்தா உள்ளுக்குள்ள இருந்த ஒரு சிலர்தான்.

முக்கியமா ஒண்டு சொல்லோணும். ஹைப்பர்டப் எண்டு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்ச லேபிள், அது துவங்கினது லேபிளா இல்ல, கோட்9 எண்ட டிஜே நடத்தின இணைய சஞ்சிகையா. 2004-லதான் லேபிளா மாறினது. அதாவது முதல்ல எழுத்து, பிறகுதான் ரெக்கோட். அவர் அந்தப் பாட்டுகளப் பற்றி யோசிச்சு எழுதி எழுதித்தான் எது புதுசு எது பழசின்ர தொடர்ச்சி எண்டு பிடிபட்டிருக்கும் எண்டு நான் நினைக்கிறன். உங்கட கூட்டத்தில பீட் செய்யிற ஆளே இருக்கிறார் எண்டது பெரிய பலம், அவர வெறும் ஆலோசகரா வைக்காதேங்கோ, எழுத விடுங்கோ.

பேர் விசயத்தில நான் கண்டிப்பா சொல்லுறன், அட்டையில இசையின்ர பேரப் போடாதேங்கோ. மான்செஸ்டரில 1993-ல துவங்கின ஜொக்கி ஸ்லட் எண்ட சஞ்சிகை 2004 வரைக்கும் வந்தது, அதின்ர பேரில எந்த இசையும் இல்ல, அதால ஒவ்வொரு புது அலை வரேக்கையும் அதோட போகக்கூடியதா இருந்தது. அத நடத்தின அதே ஆக்கள் 2022-ல டிஸ்கோ போகோ எண்டு இன்னொண்டு கொண்டு வந்தினம். பெர்லினில ஃப்ரண்ட்பேஜ் எண்டு டெக்னோவுக்கெண்டே ஒரு சஞ்சிகை இருந்தது, டெக்னோ பெரிய வியாபாரமாகி பெரிய கம்பனி விளம்பரங்களோட அதுவும் வீங்கி, 1997-ல நிண்டுபோச்சு. உங்கட 3-ஸ்டெப் அஞ்சு வருசத்தில வேற பேர் எடுக்கலாம். உபதலைப்பில போடுங்கோ, காணும்.

காசுக்கு: தி வயர் எண்ட லண்டன் இசைச் சஞ்சிகைய 2000-ல அங்க வேலை செய்த ஆக்களே சேர்ந்து வாங்கிட்டினம், இண்டைக்கும் அவையின்ரதான். சந்தா கட்டுற வாசகர் இருக்கிறபடியாத்தான் அவையால பிடிச்சதப் பிடிச்ச மாதிரி எழுத முடியுது. விளம்பரம் வாங்குங்கோ, ஆனா அதே இதழில அந்த லேபிளின்ர பாட்டுக்கு விமர்சனம் போடுறேல்ல எண்டு முதல் நாளே எழுதி ஒட்டுங்கோ. என்னக் கேட்டா முதல் வருசம் விமர்சனமே வேண்டாம்.

அச்சுக்கூடம்:

தம்பி, சிவகாசியில ரொம்ப வருஷமா ஆஃப்செட் தொழில்ல இருக்கேன், இசை பத்தி ஒண்ணும் தெரியாது, அச்சு பத்தி மட்டும் சொல்றேன்.

அச்சு போடுங்க, ஆனா சின்னதா. சென்டர் பின் அடிக்கிறதா இருந்தா பக்கம் நாலோட மடங்குல வரணும், ஒரு பாரம்னா 16 பக்கம், ரெண்டு பாரம் 32 பக்கம் ப்ளஸ் ரேப்பர் (மேலட்டை), ஆரம்பிக்க இது போதும். எரநூறு முன்னூறு காப்பின்னா ஆஃப்செட் பக்கம் போகாதீங்க, ப்ளேட் காசும் மெஷின் செட்டிங்ல வீணாகுற பேப்பரும் சேர்ந்து ஒரு காப்பிக்கு வர்ற விலைய ஏத்திடும், டிஜிட்டல்ல போடுங்க. ஆயிரத்த தாண்டினா ஆஃப்செட்டுதான் லாபம்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயமே வேற. உங்க பத்திரிகையில பாதி படம் ராத்திரி கிளப்புல எடுத்ததா இருக்கும். போன்லயும் லேப்டாப்லயும் நல்லா தெரியும், ஏன்னா அதுல பின்னாடி இருந்து வெளிச்சம் வருது. அதே படம் மேப்லித்தோ பேப்பர்ல (பூச்சு இல்லாத சாதா பேப்பர்) விழுந்தா மை ஊறி புள்ளி பெருசாகி இருட்டு எல்லாம் ஒண்ணா அப்பிடும். கருத்த நிறமுள்ள மனுஷங்க முகம், மங்கலான வெளிச்சம், ஊறுற பேப்பர், மூணும் சேர்ந்தா முகமே காணாம போகும், கண்ணும் பல்லும் மட்டும் மிஞ்சும். எனக்கு இது பல தடவ நடந்து பாத்திருக்கேன், கல்யாண ஆல்பத்துல இருந்து கட்சி மலர் வரைக்கும். ஒரு மனுஷன் மூஞ்சிய அப்படி அச்சடிக்கிறது அவருக்கு பண்ற அவமரியாதை. உங்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏன்னா பேரே பதிவாகாதவங்கள பதிவு பண்ணத்தான் பத்திரிகை நடத்துறீங்க.

அதனால போட்டோகிராபர்கிட்ட சொல்லி நிழல் பகுதிய தனியா தூக்கச் சொல்லுங்க, முழுப்படத்தையும் வெளுப்பாக்க கூடாது, முகத்துல கன்னம், நெத்தி, மூக்கு ஓரம் இந்த எடத்துல வித்தியாசம் தெரியணும். நாலு கலரும் சேர்ந்த மொத்த மை எவ்வளவு வரைக்கும் தாங்கும்னு ப்ரெஸ்ல கேட்டுக்கங்க, ஆர்ட் பேப்பர்னா (பூச்சு போட்ட வழவழப்பான பேப்பர்) 300 சதவீதம் வரைக்கும் தாங்கும், ஊறுற பேப்பர்னா அதுக்கும் நல்லாவே கம்மியா வைக்கணும், இல்லேன்னா காயாம அடுத்த ஷீட்ல ஒட்டும். எந்த பேப்பர்ல அடிக்கப் போறீங்களோ அதே பேப்பர்ல ஒரே ஒரு பக்கம் ப்ரூஃப் எடுத்து பகல் வெளிச்சத்துல வாசல்ல நின்னு பாருங்க. ட்யூப்லைட் அடியில பாக்காதீங்க. காசு இடிச்சா உள்பக்கம் எல்லாம் ஒத்தக் கருப்புல போட்டு, நடு பாரத்துல மட்டும் ஆர்ட் பேப்பர் வச்சு படத்த அங்க கொண்டு போங்க.

மிட்ராண்ட்_வாசி:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அச்சுக்கூடம் அண்ணே, நீங்க சொன்னத அப்படியே போட்டோகிராபர்கிட்ட சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, கண்காட்சிக்கு ப்ரிண்ட் போட்டப்பவே தனக்கு இது நடந்திருக்குன்னார். ப்ரூஃப் எடுக்காம எதுவும் போகாதுன்னு முடிவாச்சு.

குரோய்டன் அண்ணே, பேர் விஷயத்துல எங்களுக்குள்ள இன்னும் ஒத்துப்போகல, ஆனா முதல் வருஷம் விமர்சனம் வேண்டாம்னு சொன்னது எல்லாருக்கும் பிடிச்சிருக்கு.

பிடிஎஃப் பத்தி ஒரு விஷயம். இங்க டேட்டா விலை எப்பவுமே பெரிய பிரச்சனை, 2016-ல டேட்டா மஸ்ட் ஃபால்னு இயக்கமே நடந்துச்சு, 2019 டிசம்பர்ல போட்டி ஆணையம் விலை ரொம்ப அதிகம்னு அறிக்கை குடுத்த பிறகுதான் பெரிய கம்பெனிங்க 2020-ல குறைச்சாங்க. இப்பவும் டவுன்ஷிப் பசங்க சின்னச் சின்ன பண்டில் போட்டுதான் ஓட்டுறாங்க. பெரிய ஃபைல வாட்ஸாப்ல தள்ளினா யாரும் திறக்க மாட்டாங்க. ஒவ்வொரு கட்டுரையையும் தனித்தனியா, படத்த சுருக்கி, சின்ன ஃபைலா அனுப்பலாமான்னு பாக்குறோம். அச்சுக்கு இங்க 15 சதவீதம் வாட் வேற, பத்திரிகைன்னு சலுகை எதுவும் கிடையாது.

நூலகம்_அக்கா:

தம்பி, நான் டர்பன்ல சில வருஷம் இருந்தவ, நூலக வேலை. நீங்க இருக்குற ஊர்லயே இதுக்கு பெரிய முன்மாதிரி இருக்கு, லண்டன் வரைக்கும் போக வேண்டாம். டிரம் பத்திரிகை. 1951-ல கேப் டவுன்ல ஆரம்பிச்சு உடனே ஜோஹன்னஸ்பர்க் வந்துடுச்சு. அதுல ஜாஸ் பத்தி எழுதுனவர் டாட் மட்சிகிசா, அவரே பியானோ வாசிக்கிறவர், இசையமைப்பாளர், 1959-ல கிங் காங் இசை நாடகத்துக்கு இசை போட்டவர் அவர்தான். மேடையில நடக்குறது உள்ள இருந்து தெரிஞ்சவர் எழுதினதால அந்த எழுத்துல தாளம் இருக்கும், மூச்சு இருக்கும். 1955 பிப்ரவரில ஜோஹன்னஸ்பர்க்ல கறுப்பினத்தவங்க வாழ்ந்த சோஃபியாடவுன இடிச்சு ஜனங்கள லாரில ஏத்தி மெடோலேண்ட்ஸ் கொண்டு போய் விட்டாங்க, ஊரே போயிடுச்சு. ஆனா அங்க யாரு பாடுனா, எந்த ஹால்ல, என்ன உடுப்பு போட்டுட்டு, பக்கத்துல யாரு நின்னான்னு இன்னைக்கு நாம பேச முடியுதுன்னா அந்தப் பத்திரிகையும், யூர்கன் ஷாடபெர்க், பாப் கோசானி மாதிரி போட்டோகிராபருங்க எடுத்த படமும்தான் காரணம். உங்க வேலை அதே வேலை.

அப்புறம் 1978-ல ராவன் ப்ரெஸ் கொண்டு வந்த ஸ்டாஃப்ரைடர்ங்கிற இலக்கியப் பத்திரிகை. முதல் இதழையே அரசாங்கம் தடை பண்ணுச்சு. அதுல எழுதுனவங்க பேருக்கு கீழ அவங்க எந்த டவுன்ஷிப், எந்தக் குழுன்னு போடுவாங்க, அந்தந்தக் குழுவே தன் பகுதியில எடுத்துட்டு போய் விக்கும். கடைய நம்பவே இல்ல. நீங்களும் கடைய நம்பாதீங்க, எந்தத் தெருவ பத்தி எழுதுறீங்களோ அந்தத் தெருவுல விக்குற ஆள முதல்ல பிடிச்சுட்டு அப்புறம் எழுதுங்க.

மொழிக்கு என் கருத்து, பேட்டி குடுக்குறவர் எதுல பேசுறாரோ அதுலயே போடுங்க, ஸெபிடோரின்னா ஸெபிடோரி. பக்கத்துல ஒரு பத்தி இங்கிலீஷ்ல சுருக்கம். வெளிநாட்டுக்காரங்களுக்கு அது போதும், அவங்களுக்காக இந்தப் பத்திரிகை நடக்கல.

இன்னொண்ணு, இத விட்டுடாதீங்க: ப்ரிட்டோரியாவுல இருக்குற தேசிய நூலகத்துல ஐஎஸ்எஸ்என் எண் (பத்திரிகைக்கான அடையாள எண்) வாங்கிடுங்க. 1997 சட்டப்படி சட்டபூர்வ வைப்புக்குன்னு, அதாவது வெளியாகுறதோட பிரதிய சேமிச்சு வைக்க, அஞ்சு நூலகம் இருக்கு, அங்க இதழ் போய் சேரணும். நாளைக்கு உங்க வெப்சைட் போனாலும், நீங்க ஊரு திரும்பிட்டாலும் அங்க இருக்கும். நிறைய சின்னப் பத்திரிகைங்க இத பண்றதே இல்ல, இருபது வருஷம் கழிச்சு ஆராய்ச்சி பண்ற பிள்ளைங்க வந்து கேக்குறப்ப எங்ககிட்ட குடுக்க ஒண்ணும் இருக்காது.

மிக்ஸர்_கார்த்தி:

ப்ரோ நான் சென்னைல பீட் பண்றவன், 3-ஸ்டெப்ப ரெண்டு வருஷமா உயிரா கேக்குறேன், இந்த த்ரெட் பாத்து அவ்ளோ சந்தோஷம். எல்லாரும் பத்திரிகைல என்ன எழுதணும்னு சொல்லிட்டாங்க, எனக்கு அந்தப் பாடுன பொண்ணு விஷயம்தான் மண்டைக்குள்ளயே ஓடுது. நீங்க அவங்க பேர இதழ்ல போட்டா மரியாதை கிடைக்கும் ஓகே, ஆனா காசு கிடைக்காது, வரியோ மெட்டோ அவங்களோடதா இருந்து காசு கிடைக்கணும்னா பாட்டு சாம்ரோல (பாட்டு எழுதுனவங்க, இசையமைச்சவங்களுக்கு ராயல்டி வசூலிக்கிற அங்க உள்ள அமைப்பு) பதிவாகணும், அதுக்கு யாருக்கு எத்தன சதவீதம்னு முன்னாடியே பேசி கையெழுத்து போட்ட ஸ்ப்ளிட் ஷீட் வேணும், எங்க ஊர்லயும் இதே கததான் ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்டூடியோல எல்லாரும் பிரதர் பிரதர்னு இருப்பாங்க, பாட்டு ஹிட் ஆனதும் யாரு போனும் எடுக்காது.

என் ஐடியா என்னன்னா ஒவ்வொரு இதழ்லயும் நடுவுல ஒரு வெத்து ஸ்ப்ளிட் ஷீட் அச்சடிச்சு வைங்க. பாட்டு பேர், தேதி, எந்த ஊர் எந்த ஸ்டூடியோ, பீட் யாரு, பாடுனது யாரு, வரி யாரு, கீபோர்டு யாரு, சதவீதம், கையெழுத்து, ஐஎஸ்ஆர்சி எண்ணுக்கு (ஒவ்வொரு பாட்டுப் பதிவுக்கும் தர்ற அடையாள எண்) ஒரு கட்டம். அத பிச்சு எடுத்து ஸ்டூடியோ சுவத்துல ஒட்டிக்கலாம், போட்டோ எடுத்து வாட்ஸாப்ல அனுப்பிக்கலாம். அதே படிவம் ஒரு காப்பி உங்களுக்கு வந்துச்சுன்னா அடுத்த இதழ்ல "இந்த மூணு மாசத்துல செஞ்ச பாட்டு"ன்னு அத அப்படியே லிஸ்ட்டா போடலாம், உங்களுக்கு விமர்சனமும் வேணாம் ஒண்ணும் வேணாம், யாரு எப்ப எங்க செஞ்சாங்கன்ற ரெக்கார்ட் தானா சேரும். சதவீதத்த மட்டும் வெளியிடாதீங்க, அது அவங்களுக்குள்ள.

அப்புறம் 3-ஸ்டெப் மட்டும்னு கோடு போடாதீங்க ப்ளீஸ். அதே ஆளு காலைல 3-ஸ்டெப் பண்ணுவான் சாயந்தரம் அமாபியானோ பண்ணுவான், படிவத்துல வர்ற எல்லாத்தையும் போடுங்க.

மிட்ராண்ட்_வாசி:

கார்த்தி, இத டெம்பிசா நண்பர்கிட்ட படிச்சு காமிச்சேன், அவர் அப்பவே ஒரு நோட்டுல கட்டம் போட ஆரம்பிச்சுட்டார். "குரல் எங்க பதிவாச்சு"ன்னு தனியா ஒரு வரி வேணும்னார், ஏன்னா இங்க குரல போன்லயே பதிவு பண்ணி அனுப்புறது சகஜம், ஸ்டூடியோ பேர் மட்டும் போட்டா பாடுனவங்க எந்த ஊருன்னே தெரியாம போகுது. முதல் இதழ்ல அந்தப் பாட்டும் அந்தப் பொண்ணு பேரும் வரும், அவகிட்ட கேட்டு சம்மதம் வாங்கியாச்சு. அக்கா சொன்ன ஐஎஸ்எஸ்என் விண்ணப்பத்த ப்ரிட்டோரியாவுல இருக்குறவ பாத்துக்குறா.

அச்சுக்கூடம் அண்ணே, அந்தப் படிவத்த பிச்சு எடுக்குற மாதிரி பெர்ஃபரேஷன் போட்டா செலவு எவ்வளவு ஏறும்?

அச்சுக்கூடம்:

பெர்ஃபரேஷனே வேண்டாம் தம்பி, தண்டச் செலவு. சென்டர் பின் புத்தகத்துல நட்ட நடு ஷீட்டுல நாலு பக்கம் வரும், அந்த ஒரு ஷீட்ட முழுசா படிவத்துக்கே விட்டுடுங்க. பின்ன நிமித்தினா அது மட்டும் அழகா கழண்டு வந்துடும், மத்த பக்கம் ஆடாது. ஆனா படத்துக்கு நடு பாரத்துல ஆர்ட் பேப்பர் வைங்கன்னு மேல சொன்னேன்ல, அத மாத்திக்கங்க, படத்த ரேப்பர ஒட்டின ஷீட்டுக்கு கொண்டு போங்க. நடு ஷீட்டு மேப்லித்தோதான் இருக்கணும், ஆர்ட் பேப்பர்ல பால்பாயிண்ட் பேனா வழுக்கும், கையெழுத்து நிக்காது.